பதினோராம் இலக்கம்

மார்ச் 2, திங்கள்

இலக்கம் வந்துவிட்டது. பதினொன்று.

கட்சித் தலைவர் குலசேகரம் ஐயாவின் செயலாளர் போனில் சொன்னபோது நான் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போன தாய்மாரின் குழந்தைகளுக்குத் திரிபோஷச் சத்துமா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "பதினொண்ணா, பதினொண்ணா?" என்று மூன்று தரம் கேட்டேன். பதினாறு பிள்ளைகளும் "பதினொண்ணு, பதினொண்ணு" என்று கத்தத் தொடங்கிவிட்டன. என்னுடைய முதல் பிரசாரக் கூட்டம் அதுதான். ஒருவருக்கும் ஓட்டு இல்லை.

மலைத்தமிழர் ஒன்றியத்தில் எனக்குப் பத்தொன்பது வருஷம். மகளிர் அணி என்று ஒன்று இருப்பதே மே தினத்துக்கு ஒரே நிறத்தில் சேலை கட்டி முன்வரிசையில் நடக்கத்தான் என்று நினைக்கிற கட்சி அது. ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பெண்ணைப் பாராளுமன்றத் தேர்தலில் நிறுத்தியதில்லை. இந்த முறை ஐயா மேடையில் வைத்து, "நம்ம மூணாவது வேட்பாளர், ஊசிமலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா டீச்சர் பவளராணி" என்றார். நான் அழவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

சாயந்திரம் என் வீட்டுக்காரர் தோட்டக் கமிட்டியைக் கூட்டிக் கேக் வெட்டினார். இவர்தான் ஊசிமலையின் தோட்டத் தலைவர், சங்கத்துக்கும் கட்சிக்கும் இங்கே எல்லாமே இவர்தான். தலைவர் வீட்டிலேயே வேட்பாளர் என்றால் சும்மாவா. கேக்கை எனக்கு ஊட்டிவிட்டு, "நீ எம்.பி. ஆகிட்டா நான் யாரு? எம்.பி. வீட்டுக்காரனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 5, வியாழன்

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஓட்டுப் போடும் வகுப்பு ஆரம்பம். இதை நான் தினம் இருபது தடவை சொல்கிறேன், இங்கேயும் ஒரு தடவை எழுதிவைக்கிறேன். நாங்கள் கூட்டணியில் நிற்கிறோம். முதலில் குடம் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. அது கூட்டணிக்கு. அதன் பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்றுக்குப் புள்ளடி. அது ஆளுக்கு. பட்டியலில் யாருக்கு இலக்கத்தில் அதிகம் விழுகிறதோ அவர்தான் பாராளுமன்றம் போவார். ஐயாவுக்கு 3, உபதலைவருக்கு 7, எனக்கு 11.

போன தேர்தலில் எங்கள் பெண்கள் பாதிப் பேர் அதற்கு முந்திய தேர்தலின் இலக்கத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ வரிசையில் நின்று "இலக்கம் மாறிடுச்சு" என்று வாயால் சொல்லியே இருநூறு ஓட்டைத் திருப்பினான். அதனால் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மனப்பாடம் வேண்டாம். வாய்ச்சொல் வேண்டாம். நானே வந்து சொன்னாலும் நம்ப வேண்டாம். கட்சியிலிருந்து கடைசியாக வீட்டுக்கு வருகிற கார்டில் என்ன இருக்கிறதோ அதுதான். வாசலில் நின்று கார்டைப் பார், உள்ளே போய்ப் போடு.

மாரியாயி அக்கா, ஐம்பத்தேழு வயசு, எழுத்து தெரியாது, கொழுந்து பறிப்பதில் தோட்டத்திலேயே முதல் கை. "டீச்சர், எனக்கு நம்பர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. உங்க மூஞ்சியக் கார்டுல போடுங்க. மூஞ்சிக்குக் கீழ என்ன படம் இருக்கோ அதே மாதிரி இருக்கிற பெட்டியில போட்டுடுறேன்" என்றார். நல்ல யோசனை. ஐயாவுக்குச் சொல்லிக் கார்டில் படம் சேர்க்கச் செய்தேன்.

மார்ச் 9, திங்கள்

மழை. அட்டை. இரண்டு காலிலும் ஏழு கடி. இதையும் பாராளுமன்றத்தில் பேசவேண்டும்.

மார்ச் 14, சனி

ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுக்கிறேன். புதிதாகக் கட்டித் தருகிற வீடுகளுக்குக் காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது பெண்சாதியின் பெயரும் அதில் இருக்கவேண்டும். அவ்வளவுதான். மற்ற இரண்டு வேட்பாளர்களும் ரோடு, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் என்று அள்ளிவிடுகிறார்கள். நான் இதை மட்டும் சொல்கிறேன். பெண்கள் கை தட்டுவதில்லை. கூட்டம் முடிந்து பக்கத்தில் வந்து, "நெசமாத்தானா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காகவே ஜெயிக்கவேண்டும். எனக்கு இந்தப் பதவி வேண்டும். ஐயோ, எவ்வளவு வேண்டும் என்று இந்த டயரிக்குத்தான் தெரியும்.

வீட்டில் இவர் கேட்டார், "வீட்டையும் பொம்பளைங்க பேருக்கு எழுதிட்டா நாங்க எங்க போறது, தேயிலை ஸ்டோர்லயா படுக்கிறது?"

"உங்க பேரும் இருக்கும்ங்க. சேர்த்துத்தான்."

"சேர்த்தா பாதி தானே" என்றார். இவருக்கு எப்போதும் விளையாட்டுத்தான்.

மார்ச் 20, வெள்ளி

ஐயா வீட்டில் எனக்கும் இவருக்கும் மதியச் சாப்பாடு. ஐயாவின் மருமகன் ரகுராமும் வந்திருந்தார். கொழும்பில் டைல்ஸ் வியாபாரம். அவரும் இதே கூட்டணிப் பட்டியலில்தான் நிற்கிறார், ஆனால் எங்கள் ஒன்றியத்தின் ஆளாக இல்லை, கூட்டணியின் பெரிய கட்சி தன் பங்கில் கொடுத்த இடம். இலக்கம் 14. மலைப்பக்கம் அவரை யாருக்கும் தெரியாது. பாவம், சப்பாத்தில் சேறு பட்டதும் முகம் கோணிப்போனது.

ஆனால் நல்ல மரியாதை. "அக்கா, உங்க ஏரியாவில செல்லுபடியாகாத வாக்கு ரொம்பக் குறைவாம். எப்படிச் செய்றீங்க?" என்று கேட்டார். யார் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்? விலாவாரியாகச் சொன்னேன். படத்தைப் பார்ப்பார்கள், அதன் கீழே உள்ள இலக்கத்தைப் பார்ப்பார்கள், கடைசிக் கார்டுதான் கணக்கு, மேற்பக்கத்துத் தோட்டங்கள் பன்னிரண்டிலும் இதே பழக்கம்தான் என்று. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

நான் ஐயா வீட்டம்மாவோடு பாத்திரம் எடுத்துவைக்கப் போனேன். இவரும் ரகுராமும் முற்றத்தில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வரும் வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "டைல்ஸ் பத்தி" என்றார். எங்கள் வீட்டுத் தரை சாணம் மெழுகியது. புது வீட்டுக்கு யோசிக்கிறார் போல.

மார்ச் 25, புதன்

கடைசிக் கார்டு அச்சடிக்க இவரே கொழும்பு போயிருக்கிறார். எனக்காக இத்தனை அலைகிறார். முந்தி ஒரு தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போகச் சொன்னாலும் இடுப்பு வலிக்கும். மாவு அரைத்தேன், இரண்டு தொட்டில் துணி கிழிந்திருந்தது, தைத்தேன். மூன்று கூட்டம்.

மார்ச் 27, வெள்ளி

வந்துவிட்டார். கார்டுக் கட்டுகளைக் காட்டுங்கள் என்றேன். சுற்றிக் கட்டியிருக்கிறது, பிரித்தால் எண்ணிக்கை பிசகும் என்றார். "வேட்பாளரே வீடு வீடாப் போய்க் கார்டு குடுக்கிறது அழகில்ல. நான் குடுக்கிறேன். நீ மேடையப் பாரு" என்றார். கண்ணாடி முன்னால் நின்று புதுச் சட்டை போட்டுப் பார்த்தார். கொழும்பில் ரகுராம் வாங்கிக்கொடுத்தாராம்.

ஏப்ரல் 1, புதன்

பிரசாரம் இன்றோடு முடிகிறது. கடைசி நாளில் சொந்தத் தோட்டத்தில் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் ஐயா வேன் அனுப்பி, மாவட்டத்தின் மறுகோடியில் நான்கு கூட்டம் போட்டுவிட்டார். "பவளராணி பேசினாத்தான் அங்க பொம்பளைங்க வருவாங்க" என்றாராம். வேனில் எனக்கென்று முன் சீட். திரும்பி வந்தபோது மேற்பக்கத்துத் தோட்டங்கள் பன்னிரண்டிலும் தொழிலாளர் லயங்களுக்கெல்லாம் கார்டு போய்விட்டது. இங்கே இவரே குடை பிடித்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனாராம். பழைய கார்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டாராம். பழையதும் புதியதும் சேர்ந்து கிடந்தால் சனம் குழம்பும் அல்லவா. என்னை விட இவர்தான் நல்ல டீச்சர்.

ஏப்ரல் 2, வியாழன்

எனக்கு ஒரு கார்டு வைத்திருக்கிறீர்களா, ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்டேன். ஒன்றுகூட மிச்சமில்லை என்றார். பிரசாரம் முடிந்த பிறகு வேட்பாளர் சனத்தோடு பேசினால் கேஸ் போடுவார்கள், வீட்டிலேயே இரு என்றும் சொன்னார்.

ஏப்ரல் 4, சனி

இதை நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாகப் போட்டேன். குடம், 3, 7, 11. பிறகு மலைக்குக் கீழே உள்ள நிலையங்களைப் பார்க்கப் போய்விட்டு மதியம் ஒரு மணிக்குத் திரும்பினேன். மாரியாயி அக்கா போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். தீபாவளிச் சேலை, தலையில் பூ. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"டீச்சர், ஒரு பிழை விடல. குடத்துக்கு ஒண்ணு, கீழ மூணு. வாசல்ல நின்னு நாலு தரம் பாத்துட்டுத்தான் போனேன்."

ரவிக்கைக்குள்ளிருந்து கார்டை எடுத்துக் காட்டினார். ஐயாவின் படம், கீழே 3. உபதலைவரின் படம், கீழே 7. என்னுடைய படம். நான் மகளிர் மாநாட்டில் எடுத்த படம், நீலச் சேலை. கீழே 14.

நான் கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இலக்கம் மாறிடுச்சுன்னு தலைவர் சொன்னாரு. சௌந்தரி மட்டும் பதினொண்ணு தானேன்னு கேட்டா. கடைசிக் கார்டு தான் சரின்னு டீச்சர் சொல்லலையான்னு நாங்க தான் அவளத் திட்டினோம்."

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வரிசையில் இன்னும் நூற்றைம்பது பேர் இருப்பார்கள், அநேகம் பெண்கள். என்னைப் பார்த்ததும் கார்டைத் தூக்கிக் காட்டினார்கள். என் முகம் வரிசை முழுக்க ஆடியது. வாக்களிப்பு நிலையத்துப் பக்கத்தில் வேட்பாளர் இலக்கம் சொன்னால் பொலிஸ் பிடிக்கும். கேட்டில் நின்ற பொலிஸ்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் திரும்பச் சிரித்தேன். அதை நினைத்தால்தான் ஆறவில்லை, நான் சிரித்தேன்.

இவர் கட்சி முகவராக உள்ளே இருந்தார். வெளியே கூப்பிட்டுக் கார்டைக் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை.

"அச்சுப் பிழையா இருக்கும். இப்பப் போய்ச் சொன்னா சனம் குழம்பிப் போய் அஞ்சு ஆறு புள்ளடி போடும். இருக்கிற ஓட்டும் செல்லாமப் போயிடும். உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். பத்தொன்பது வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் தெருவில் இறங்கிப்போய், வருகிறவர்களைத் தூரத்திலேயே மறிக்கலாம் என்று தோன்றியும் போகவில்லை. நான்கு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். மூன்று மணிநேரம் ஒரு மரத்தடியில் நின்றேன்.

அச்சுப் பிழைதான். அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

ஐயா ஜெயித்தார். ரகுராம் இரண்டாவதாக ஜெயித்தார். உபதலைவரும் தப்பிவிட்டார். எனக்கு 9,406. ரகுராமுக்கு ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். மலையில் அவரை யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்தேன். ஒன்று "பதினொண்ணு" என்றது. வாயில் கரண்டியை வைத்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஐயா வீட்டில் மாலையும் பட்டாசுமாகக் கிடந்தது. என்னைத் தனி அறையில் உட்காரவைத்தார். கார்டை மேசைமேல் வைத்தேன்.

"அச்சகத்துக்காரன் செஞ்ச வேலை, தங்கச்சி. நானும் நேத்துத்தான் பாத்தேன். மனசு கேக்கல."

"பன்னிரண்டு தோட்டத்துக்கும் ஒரே பிழையா, ஐயா?"

"ஒரே அச்சு தானே."

"மத்தத் தோட்டங்கள்ல விசாரிச்சேன், அங்க குடுத்த கார்டுல பதினொண்ணு சரியா இருக்கு ஐயா. என்னை நல்லாத் தெரிஞ்ச இடத்துல மட்டும்தான் பதினாலு."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிகவும் அன்பாகச் சொன்னார், "இதை வெளிய பேசினா நம்ம சனத்துக்கு இருக்கிற ஒரே கட்சியும் நாறிப் போகும். வெளிய இருக்கிறவன் கை கொட்டிச் சிரிப்பான். நீ கட்சிக்காரி. பிரதேச சபை வருது, உனக்குத்தான் முதல் இடம். இன்னும் நாலு மாசத்துல நம்ம பொம்பளைங்களுக்குக் கார்டு வகுப்பு ஆரம்பிச்சிடு. உன்னைப் போல யாரால முடியும்?"

நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். கை தானாகக் கும்பிட்டது. பழக்கம்.

ஏப்ரல் 8, புதன்

இவரைப் பாராளுமன்ற உறுப்பினர் ரகுராமின் இணைப்புச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். காலையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சம்பலில் உப்புக் குறைவு என்றும் சொன்னார்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "கார்டு அச்சடிச்சது நீங்க தானே?"

ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். பிறகு, பரீட்சையில் எனக்கு மார்க் குறைந்ததை ஆறுதலாகச் சொல்வதுபோலப் பேசினார். "உனக்கு எப்படியும் வந்திருக்காது பவளம். ஐயாவே சொன்னாரு. மூணாவது இடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல வேணும். உன் ஓட்டு வீணாத்தான் போகப் போகுது, அது நம்ம வீட்டுக்கு ஒரு பிரயோசனமாப் போகட்டுமேன்னு..."

"சரி. பதினாலுக்குப் போடச் சொல்லி அந்தாளு படத்தையே போட்டிருக்கலாமே. என் படம் எதுக்கு?"

"உன் படம் இல்லாட்டி ஒருத்தியும் போட மாட்டாளே."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என்னைப் பற்றிய பெருமை. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் என்னை இவ்வளவு பெரிதாகப் புகழ்ந்ததில்லை.

ரொட்டி கருகிவிட்டது. கருகியதையே போட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. இவர் எனக்குச் சேலை வாங்கி வந்திருந்தார். நீலம். பெட்டியிலேயே இருக்கிறது.

கோயிலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மற்றத் தோட்டத்துக்காரிகள் ஏமாற்றிவிட்டார்களாம். மாரியாயி அக்கா என் கையை விடவே இல்லை. "எங்க தோட்டம் உங்களக் கைவிடல டீச்சர். சாமி சாட்சியா சொல்றேன், ஒரு சீட்டும் பிழையாப் போகல. அத்தனையும் உங்களுக்குத்தான்."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல. உண்மையைச் சொன்னால் இவர்களுக்கும் வலிக்கும், சொல்லாவிட்டால் எனக்கு மட்டும்தான் வலிக்கும் என்று சமாதானம் பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து உட்கார்ந்ததும் புரிந்தது, ஐயாவுக்கு வேண்டியதும் இதேதான். நான் வாயை மூடியிருக்கவேண்டும். நாலு மாசத்தில் அவர்கள் கையில் இன்னொரு கார்டைக் கொடுக்கவேண்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கொழுந்து மடுவத்தில், மதியம் நிறுவை முடிந்தபின். வாக்குச்சீட்டு மாதிரியைச் சுவரில் ஒட்டி, எது என் இலக்கம், எதில் அவர்கள் புள்ளடி விழுந்தது என்று காட்டினேன். யார் அச்சடித்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை. கார்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சௌந்தரி, "நான் அப்பவே கேட்டேன்" என்றாள். அவளை யாரும் திட்டவில்லை.

மாரியாயி அக்கா வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாங்கதான் உங்களத் தோக்கடிச்சமா?" என்றார். இல்லை அக்கா, இல்லை என்று நான் சொல்லச் சொல்லக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். இவர்கள் செய்ததிலேயே பெரிய கொடுமை இதுதான். என் சீட்டைப் பறித்தால் பறித்துக்கொள்ளட்டும். அந்த மனுஷி என் முகத்தைப் பார்க்க வெட்கப்படும்படி பண்ணிவிட்டார்களே.

ஏப்ரல் 18, சனி

மாரியாயி அக்கா என்னைக் கண்டு மேல் ரோட்டால் சுற்றிப் போனார்.

ஏப்ரல் 20, திங்கள்

மதியம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வாசலில் ஆள் சத்தம். மாரியாயி அக்கா முன்னால், பின்னால் நாற்பதுக்கு மேலே பெண்கள், கூடையோடு.

"டீச்சர், ஒரு மனு எழுதித் தரணும். உங்களுக்குத்தானே எழுத வரும்."

"யாருக்கு அக்கா?"

"தோட்டத்துச் சனத்துக்குத் தலைவர நம்மதானே கை தூக்கி வச்சோம். இறக்கவும் நம்மதான். இவரு வேணாம்னு எழுதுங்க. வேற தலைவர நாங்க பாத்துக்கிறோம்." கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்டுக்காரர்தான். எங்களுக்குத் தெரியும். எழுத மனசில்லாட்டி சொல்லுங்க, பள்ளிக்கூட மாஸ்டர்ட்ட கேக்குறோம்."

ஊசிமலையில் ஒரு தோட்டத் தலைவரைத் தொழிலாளிகள் மனு கொடுத்து இறக்கியது கிடையாது. செத்தால் அல்லது கட்சி மாறினால்தான் மாறுவார்கள். நான் கொப்பியிலிருந்து நடுப்பக்கத்தைக் கிழித்தேன். பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர்க் குழாய்க்கும் கூரைத் தகட்டுக்கும் எழுதிய அதே கையெழுத்தில் எழுதினேன். நடந்ததை மட்டும் எழுதினேன், ஒரு வசை இல்லை. எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் முறை சௌந்தரியை வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்ததும் அவள் வாசித்ததும் ஒன்றா என்று பார்த்தார்கள். இனிமேல் இவர்களை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது. என்னாலும் முடியாது.

"நீங்க கையெழுத்து வைக்க வேணாம் டீச்சர். வீட்டுல சண்டை வரும்" என்றார் மாரியாயி அக்கா. நான் வைத்த பிறகுதான் மனுவை அவரிடம் கொடுத்தேன். அவர் பெருவிரலில் மை தடவிக்கொண்டு, இடத்தைத் தானே பார்த்து ஒற்றினார்.

சாயந்திரம் இவர் வேலைக்குப் போகிற புதுச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, மனுவையும் பக்கத்தில் வைத்தேன். நாளைக் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் கொடுக்கப்போவதை இவர் இன்றே பார்த்துவிடட்டும். நான் யாருக்கும் தெரியாமல் எதையும் அச்சடிக்கவில்லை.

நின்றுகொண்டு வாசித்தார். பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். பிறகு மேலே வந்து முதல் கையெழுத்தில் விரல் நின்றது.

"பவளம், நான் உன் புருஷன்டி."

"தெரியுமுங்க. அதனாலதான் முதல்ல போட்டேன்."

தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது. அவர் குடிக்கவில்லை, நான் எடுத்து வெளியே ஊற்றிவிட்டேன்.